புலம் முப்பத்தெட்டு

பெர்கனில் மழைக்கு விடுமுறை கிடையாது.
குடையை உதறி, அட்டையைத் தேய்த்து
நான்காம் மாடிக்குப் போகிறேன்.
ஐந்தில் தேவையைச் சொல்கிறவர்கள்,
மூன்றில் நிரல் எழுதுகிறவர்கள்.
இரண்டு பக்கமும்
"அவளைக் கேள்" என்பார்கள்.

புதன்கிழமை ஒரு புகார் வந்தது.
ஒட்டாவிலிருந்து ஸ்டெய்னார் என்று ஒருவர்
மனைவி பெயருக்கு வந்த எங்கள் கடிதத்தை
போனில் படித்துக் காட்டினாராம்:
"நெடுநாளாய் உங்களைக் காணோமே!
திரும்பி வந்தால் ஆறு மாதம் கட்டணம் இல்லை."
அவள் போய் ஒன்பது வருஷம்.
அவர் கத்தவில்லை.
"கட்டணம் இல்லையென்றால்
அவளுக்குப் பிடித்திருக்கும்" என்றாராம்.

கூட்டம் பத்து மணிக்கு.
எட்டுக்கே டேபிளைத் திறந்துவிட்டேன்.
ஸ்லைடுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை,
வரிசை வரிசையாய்ப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.
நாங்கள் விழுங்கிய பழைய வங்கியில்
புலம் முப்பத்தெட்டில் டி என்றால்
டோ: செத்தவர்.
எங்களிடம் அதே டி
ட்வாலெ: உறங்கும் கணக்கு.
இரண்டையும் இணைத்த இரவில் யாரோ
டி-க்கு நேரே டி என்று கோடு இழுத்துவிட்டு
பீட்சா சாப்பிடப் போயிருக்கிறார்கள்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர்
ஓர் எழுத்தில் உயிர்த்தெழுந்து
விளம்பரம் வாங்கினார்கள்.

"எப்படிப் பிரிப்பது?" என்றான் ஐவின், மூன்றாம் மாடி.

'குறிப்பு இரண்டு' என்றொரு புலம்.
யாரும் பயன்படுத்துவதில்லை என்றது ஆவணம்.
ஆவணத்தை நான்
ஒரு செலக்ட் போட்டுப் பார்த்த பிறகே நம்புவேன்.
போட்டேன். கொட்டியது.
செத்தவர் கணக்கிலெல்லாம் கிளைக் குமாஸ்தாக்கள்
ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள்,
நாற்பது எழுத்துக்கு மேல் வெட்டுப்பட்டு:

மகள் வந்தாள். பாஸ்புக்கை அப்பா எங்கோ ஒளி
படகு கவிழ்ந்தது. லாக்கர் சாவி அவர் சட்டை
கணக்கை மூட கணவர் கையெழுத்துப் போட மாட்டே

மூன்றாவது, ஒட்டா கிளை.
காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு விதி எழுதினேன்.
டி இருந்து, குறிப்பு இரண்டு காலியாக இல்லையென்றால்
இறந்தவர்.
ஐந்தாம் மாடியில் சுன்னிவா படித்துப் பார்த்து
சுத்தமாக இருக்கிறது என்றாள்.

மிச்சம் நாற்பத்தொன்று. டி உண்டு, குறிப்பு இல்லை.
"ஒரு டிஃபால்ட் சொல்," என்றான் ஐவின்,
"உயிரா, சாவா? சாயங்காலம் பில்டு போகணும்."
"தெரியவில்லை என்று மூன்றாவது மதிப்பு வேண்டும்."
"பதினோரு திரை மாறும்."
"ம்."
"பதினோரு திரை! ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட்!"
அவன் சொல்வதும் நியாயம்தான்.
எனக்கும் வீட்டுக்குப் போகணும்.

வேலை விவரத்தில் இல்லாத காரியம்:
மறுநாள் போனை எடுத்தேன்.
இல்லாத எண்கள். ஒரு பல் மருத்துவமனை.
என்னிடமே ஏதோ விற்கப் பார்த்த ஒரு பையன்.
பதினேழாவது, நெடுநேரம் அடித்தது.
வைக்கப் போகும்போது
"போர்கில்" என்றது ஒரு குரல்,
பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.
பிறந்த தேதி சரி, முகவரி சரி.
அடுத்து என்ன கேட்பதென்று
யாரும் எழுதித் தந்திருக்கவில்லை.
"நீங்கள்... இருக்கிறீர்களா?"
"மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன்.
இத்தனை வருஷத்துக்கு வட்டி போட்டீர்களா?"

சிரித்தபடி குறிப்பு இரண்டைத் திறந்து
தட்ட ஆரம்பித்தேன்: உயிரோடு இருக்கிறார், வட்டி கே

கை நின்றது.
நேற்று நான் எழுதிய விதிப்படி
இந்தப் புலத்தில் ஓர் எழுத்து விழுந்தாலும்
அவள் செத்தவள்.

பின்னாலிருந்து ஒவ்வொன்றாய் அழித்தேன்.
மூன்றாம் மாடிக்கு இறங்கினேன்.
ஐவின் தலை நிமிராமலே
"எத்தனை?" என்றான்.
"பதினொன்றும்" என்றேன்.