ஒற்றைப்படைத் தாள்கள்

இரவு பதினொன்றுக்கு மேல்
கானாடுகாத்தானில் அறை கேட்டு யாரும் வருவதில்லை.
வரவேற்பு மேசை விளக்கைத் தாழ்த்திக்கொண்டு
மாதிரித் தேர்வைத் திறக்கிறேன்.
அறுபத்தைந்து கேள்வி, மூன்று மணி நேரம்.
தப்பாய்த் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு வெட்டு.

'வணக்கம், உமையாள்' என்கிறது திரை.

உமையாள் நானில்லை.
காரைக்குடியில் சிவில் படித்தபோது
எனக்கு முன்பெஞ்சு.
ஆனியில் எம்.டெக். நுழைவுக்கென்று பணம் கட்டினாள்,
ஆவணியில் கல்யாணம், ஓசூர்.
'முப்பது தாள் கிடக்குடி, நீயாவது எழுது'
என்று பாஸ்வேர்டு அனுப்பினாள்:
அவள் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நம்பர்.

முதல் தாளில் இருபத்தொன்று.
பத்து நாள் விழுந்து விழுந்து படித்து
இரண்டாவதில் இறங்கினேன். பதினெட்டு.

ஆறாம் அறைக்கு வெந்நீர் கொடுத்துத் திரும்பினால்
ஒன்பது நிமிடம் போயிருக்கும்.
மண் இயக்கவியலில் அது மூன்று கேள்வி.
கடிகாரத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு,
அதைத் தொடுவதில்லை.
பிப்ரவரியில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு
இருமல் வராது என்று யார் சொன்னது?

பிழைகளை எழுத நோட்டு வாங்கவில்லை.
விருந்தினர் பதிவேடு ஒன்று பாதியில் நின்றுபோய்
அலமாரியில் கிடந்தது, கட்டங்களும் தயார்.
பெயர்: அலகு மாற்றாமை.
எங்கிருந்து வருகிறார்: அவசரத்திலிருந்து.
வந்த நாள்: மூன்றாம் தாள்.
புறப்பட்ட நாள்:
அந்தக் கட்டம் மட்டும் வெகுநாள் காலி.

மார்க் எல்லாம் குறுஞ்செய்தியாய் ஓசூருக்குத்தான் போகும்.
காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து கூப்பிடுவாள்.
'ஏண்டி, எனக்கு நேத்து முப்பத்தாறாமே!'
இன்னொரு நாள்,
'என்ன இது, இப்படிச் சறுக்கிட்டேன்?
வீட்டுக்காரர் கேக்குறாரு,
ராத்திரி ரெண்டு மணிக்கு
உனக்கு யாரு மார்க் போடுறான்னு.'

ஐப்பசியில் பன்னிரண்டாம் தாள்.
மழைநீர் வடிகால் கேள்வி ஒன்று.
வெளியே முற்றத்தில் நிஜ மழை,
நான்கு மூலைக் குழாயும் கொட்டுகிறது.
ஹெக்டேரை ஹெக்டேராகவே விட்டுவிட்டேன் போல.
என் விடைப்படி முற்றத்தில்
வைகை ஓடியிருக்க வேண்டும்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
கணுக்கால் அளவு.
காவல் அடைக்கலம் அண்ணன்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
வடிகால் வாயில் சிக்கிய இலையை எடுத்துக்கொண்டிருந்தார்.
நல்லவேளை, அவர் ஏதும் கேட்கவில்லை.

தெரியாததைத் தொடாமல் விடுவதற்கு
பதினான்காம் தாள் வரை ஆனது.
விரல் சும்மா இருக்காது.
வெற்றிடம் விட்டால் யாரோ திட்டுவார்கள் என்று
பள்ளிக்கூடத்துப் பயம் அதற்கு.

மார்கழி, அறைகள் நிரம்பிவிட்டன.
நான்கு இரவு திறக்கவே முடியவில்லை.
ஐந்தாம் இரவு பார்த்தால்,
தாள் பதினேழு: எழுதியாயிற்று.
ஞாயிறு, விடியற்காலை நாலு பத்து.
அந்நேரம் நான் பெல்ஜியம் தம்பதியின் பெட்டிகளை
மதுரை விமான நிலைய வேனில்
ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பதினாலு புள்ளி ஆறு ஏழு.

விடைகளைத் திறந்தேன்.
நாற்பத்தொன்றாம் கேள்விக்குப் பிறகு எதுவுமில்லை.
பால் பொங்கியிருக்கலாம்.
முதல் பத்தில் ஆறு சரி,
அதுவும் கான்கிரீட்டில், அவள் எப்போதும் அதில் கெட்டி.
மற்றதெல்லாம் குருட்டாம்போக்கு.
முப்பத்தெட்டாவதில் மில்லிமீட்டரை
அப்படியே விட்டிருந்தாள்.
என் பதிவேட்டின் முதல் விருந்தாளி
அங்கேயும் போய்த் தங்கியிருக்கிறார்.

நான் கேட்கவில்லை.
மூன்று நாள் ஓசூரிலிருந்தும் பேச்சில்லை.
பதினெட்டாம் தாளை எழுதினேன்.
வெந்நீர் மணி இரண்டு தடவை அடித்தது,
ஆறு கேள்வியைத் தொடாமல் விட்டேன்.

காலை ஆறரை.
பஸ் இரைச்சல், யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம்.
'உனக்கு நாப்பத்தேழுடி' என்றாள்.
உனக்கு.

சரி என்றேன். வேறென்ன சொல்ல.
பஸ் ஏதோ திருப்பத்தில் ஹார்ன் அடித்து ஓய்ந்தபின்
குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:
'ஒற்றைப்படைத் தாளையெல்லாம்
இனிமே விட்டுரு.'