நானூறு ஸ்லோட்டி

தீயணைப்பு நிலையத்தின் கணக்குப் புத்தகம் என்னிடம்.
ஆகவே கணினி வாங்க என்னையும் அனுப்பினார்கள்,
பணம் கைநழுவாமல் பார்த்துக்கொள்ள.
விவரம் தெரிந்தவன் ரெமிகியுஷ். பேருந்து ஓட்டுகிறவன்.
கேமரா அவனுடையது.

விஷயம் இதுதான்:
நனைந்த ஹோஸ்களைத் தொங்கவிட்டு உலர்த்தும்
எங்கள் கோபுரத்துக்கு எதிரே, மின்கம்பத்தின் உச்சியில்,
செங்கால் நாரை முட்டையிட்டிருக்கிறது.
நான்கு.
கோபுர ஜன்னலில் கேமரா.
பொத்தானை அழுத்த யாராவது மேலே போனால்
நாரை எழுந்து நிற்கிறது.
எழுந்து நின்றால் முட்டை குளிர்கிறது.
ஆள் போகாமல் பொத்தான் அழுந்த வேண்டும்.
அதற்கொரு கணினி, இலேசாக,
நானூறு ஸ்லோட்டிக்குள்.
தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.
லூதோமிர் மட்டும் தூங்கிவிட்டார்.

பியாவிஸ்தோக் ஞாயிற்றுச் சந்தையில்
பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கணினிகள்
மீன்போலப் பரப்பிக் கிடந்தன,
சில வாய் திறந்தபடி.

முதலில் ஒரு டேப்லெட். மெலிசு, மினுக்கு, விலையும் சரி.
கேமராவைச் செருகினோம்.
சண்டைபோட்ட சம்பந்திபோல
முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்தது ஏதோ வங்கியில் உழைத்து ஓய்வுபெற்றது.
கனம், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
மின்விசிறி இரைந்த இரைச்சலுக்கு
நாரை லிதுவேனியாவுக்கே போய்விடும் என்றான் ரெமிகியுஷ்.

மூன்றாவது பத்து அங்குலம்.
உடைந்த கீலில் நீலப் பசைநாடா.
ஒரு விசை உதிர்ந்த இடத்தில்
யாரோ சட்டைப் பொத்தானை ஒட்டியிருந்தார்கள்.
யுஎஸ்பி துளை மூன்று, வேலைசெய்வது ஒன்று.
"கேமராவும் ஒன்றுதானே" என்றான் விற்றவன்.
செருகியதும் திரையில் கண் விழித்தது:
தகரக் கூரை, புகைபிடிக்கும் கிழவர், என் மூக்கு.
ரெமிகியுஷ் அம்பு விசையைத் தட்டத் தட்ட
மூக்கு தெளிந்துகொண்டே வந்தது.
"அசையாதே போழெனா" என்றான்.
எனக்கே அது அவ்வளவு கிட்டத்தில் வேண்டியிருக்கவில்லை.

நானூற்று முப்பது சொன்னான்.
கணக்குப் புத்தகத்தை வெளியே எடுத்தேன்.
அதன் தடிமனைப் பார்த்தான்.
நானூறு.

பேட்டரி பற்றி நான்தான் கேட்டேன். இது பதிவாகட்டும்.
"போதுமான அளவு வரும்" என்றான்.
எதற்குப் போதுமான அளவு என்று
நான் கேட்கவில்லை. இதுவும் பதிவாகட்டும்.

இணைப்புக் கம்பி ஐந்து மீட்டர்.
ஜன்னலிலிருந்து ஐந்து மீட்டர் இறங்கினால்
படிக்கட்டின் நடுத்திருப்பம்.
அங்கே மின்சாரம் இல்லை.
கட்டியவர்களுக்கு ஹோஸ் உலரக் காற்று போதுமாக இருந்தது.

மே இருபத்தேழு, மாலை ஆறரை.
நாரை அடிக்கடி குனிந்து
முட்டைக்குக் காது கொடுத்தது.
படியில் மூன்று பேர், மடியில் கணினி,
நிமிடத்துக்கு ஒரு படம்.
அது எழுந்திருக்கவில்லை.
நாங்கள்தான் மூச்சுவிட மறந்தோம்.

ஏழாவது நிமிடம் சைரன்.
ஆற்றங்கரைச் சாலையில் வைக்கோல் களஞ்சியம்.
கணினியைப் படியிலேயே விட்டு ஓடினோம்.

திரும்பியபோது இருட்டு. திரையும் இருட்டு.
கீழே கொண்டுவந்து சார்ஜில் போட்டுத் திறந்தோம்.
எட்டாவது படத்தில் நாரை கழுத்தை நீட்டி
எங்கள் வண்டி போவதைப் பார்க்கிறது.
நாற்பதாவதில் எழுந்து நிற்கிறது,
யாரும் போகாமலேயே.
காலடியில் ஒரு முட்டையில் மயிரிழை விரிசல்.
எழுபதாவதில் விரிசல் வாய் பிளந்திருக்கிறது,
உள்ளே ஒரு கூர்மை. அலகா, நிழலா.
எழுபத்தொன்றாவது இல்லை.

ரெமிகியுஷ் யாரையும் திட்டவில்லை.
முகமெல்லாம் கரி.
எழுபதாவதைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான்,
அந்தக் கூர்மை வெறும் சாம்பல் கட்டங்களாகச் சிதறும்வரை.

காலையில் தீயணைப்பு வண்டியின் கூரைமேல்
பாதி ஓடு. உட்புறம் இன்னும் ஈரம்.
லூதோமிர் அதைத் தொப்பியில் ஏந்திவந்தார்.

கணக்கில் எழுதினேன்:
கணினி ஒன்று, நானூறு.
அதன் கீழே
இருபது மீட்டர் மின் நீட்டிப்புக் கம்பி, முப்பத்தொன்பது.
கூட்டம் கூட்ட நேரமில்லை,
என் பையிலிருந்தே கொடுத்தேன்.
இன்னும் மூன்று முட்டை இருக்கிறது.