மூன்று புள்ளி

வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.
குரோனிங்கனில் மழை சாய்வாகப் பெய்கிறது,
காற்று அப்படி.
'அறிவியல், சமூகம், பணித்திறன்':
ஒரே மூச்சில் சொல்ல வராத பாடம்.
முடித்தால் மூன்று புள்ளி.
இல்லையென்றால் ஆய்வேட்டைக் கையில் வாங்க மாட்டார்கள்.

ஆறு பேரும் வந்தது அந்த மூன்றுக்குத்தான்.
ஒளித்து என்ன ஆகப்போகிறது.

யெல்டெ நிலநடுக்கம் அளக்கிறவன்.
சீட்ஸ்கெ சட்டம்.
ஈஸ்ட் வளர்க்கிற ஒருவன், எப்போதும் பசியோடு.
நான் புள்ளியியல்.
சிதறிக் கிடப்பவற்றின் நடுவே
ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன்.

முதல் வாரம் தன்விவரக் குறிப்பு.
'எங்கே போனாலும் கூடவே வரும் திறமைகள்' என்ற கட்டத்தில்
யெல்டெ எழுதினான்:
எதிர்க்காற்றில் சைக்கிள்.
ஆசிரியை ரெய்னூ சிரிக்கவில்லை.
"வேலை கொடுப்பவரும் சிரிக்க மாட்டார்" என்றார்.

இரண்டாம் வாரம்,
உன் ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்.
கடிகாரம் வைத்தார்கள்.
என் கோட்டுக்கு ஒன்றரை நிமிடம் போதுமாயிருந்தது.
மிச்ச நேரம் எல்லோரும் மழையைப் பார்த்தோம்.

ஐந்தாம் வாரம் பேருந்து.
வடக்கே ஒரு கிராமம், பெயர் வேண்டாம்.
அடியில் இருந்த எரிவாயுவை
நாட்டின் அடுப்புகள் அறுபது வருடம் எரித்தன.
மேலே வீடுகள்
மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிற்கின்றன,
கால் ஒடிந்தவர் கக்கத்தில் கோல் வைத்ததுபோல.

ஹார்ம்கெயின் சமையலறை.
எங்கள் வயதுதான். இரவுப்பணி முடித்து வந்த செவிலி,
கண்ணைக் கசக்கிக்கொண்டே காபி ஊற்றினாள்.
"போன நவம்பரில் வந்தது மூன்று புள்ளி இரண்டு.
அது பெரிதா, சிறிதா?"

யெல்டெ தன் மூன்று நிமிடத்தைத் தொடங்கினான்.
உலகக் கணக்கில் சிறிது என்றான்.
நாற்காலியில் நெளிந்தான்.
"ஆனால் ஆழம் மூன்றே கிலோமீட்டர்.
உங்கள் காலுக்கு நேர் கீழே."
"தெரியும்" என்றாள்.
"காலில்தான் தெரிந்தது."

மேசையில் ஓர் அறிக்கை, நூற்று நாற்பது பக்கம்.
விரிசல் பதினேழு: தொடர்பில்லை.
விரிசல் பதினெட்டு: தொடர்பில்லை.
சீட்ஸ்கெ காபியைத் தள்ளி வைத்துப் படித்தாள்.
"நிரூபிக்க வேண்டியது நீங்களல்ல, அவர்கள்" என்றாள்.
அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். நல்ல கோடு.
அடியில் எறும்பு எழுத்தில்,
'விலகிய புள்ளிகள் பதினொன்று நீக்கப்பட்டன.'
இதே வாக்கியம் என் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது,
பதினொன்றுக்குப் பதில் ஒன்பது.
கைப்பேசியில் பட்டியலைத் திறந்து
அஞ்சல் எண்ணை ஒப்பிட்டேன்.
ஒன்பதில் ஒன்று இந்தத் தெரு.

நீக்கிய புள்ளிக்குள் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
விரிசலை மறைத்து
யாரோ ஒரு குழந்தையின் நீச்சல் சான்றிதழ்.
நான் அதற்குள் உட்கார்ந்து
இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினேன்.
வெட்கமாக இருந்தது, நீட்டிவிட்டேன்.
அவளிடம் சொல்லவில்லை.
அதற்கு எந்த வாரத்திலும் பயிற்சி இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதையும் திரும்பச் சேர்த்தேன்.
கோடு முதுகு வளைந்தது.
"பார்க்கச் சகிக்கவில்லையே" என்றார் வழிகாட்டி.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

பாடத்தின் கடைசிக் கட்டுரையில் இதையெல்லாம் எழுதினேன்.
ரெய்னூ ஓரத்தில் குறித்திருந்தார்:
நேர்மை நன்று. பணித்திறன் எங்கே?
மதிப்பெண் ஏட்டில் ஏறிவிட்டது, மூன்று.

ஹார்ம்கெவுக்கு ஒரு கடிதம் பாதியில் கிடக்கிறது.
'உங்கள் வீட்டை நான்' என்று தொடங்கி
அதன் பிறகு
மூன்று புள்ளி.