வயலின் வரும்

அங்கியின் ஓரத்தைத் தைத்தவள் நான்.
ஒன்றில்லை, எட்டு அங்கி.
தொட்டுத் தொட்டு அழுக்கானால் மாற்றுவதற்கு.
ரியோவின் மேற்குக் கோடியில்
தெர்மகோல் கலிலேயாவுக்குப் பின்புறம்
தகரம் வேய்ந்த தையல் அறை என்னுடையது.

சிவப்புத் துணி வெட்டச் சொன்னால்
கெட்டவள் வருகிறாள்.
இளநீலம் என்றால் தாய்.
சாம்பல் நிறம் என்றால்
கடைசியில் மன்னிக்கப்படப் போகிறவள்.
பதினோரு வருடமாய் நான் கதை கேட்பதில்லை.
எத்தனை மீட்டர், என்ன நிறம், அவ்வளவுதான்.

இந்த முறை சாம்பல், ஆறு மீட்டர்.
பன்னிரண்டு வருடம் உதிரம் போனவளுக்கு.
"கறை வைக்கட்டுமா?" என்றேன்.
இயக்குநர் அடவுட்டோ பேனாவைக் கடித்தபடி
"குடும்பங்கள் சாப்பிடுகிற நேரம்" என்றார்.
ஆக, பன்னிரண்டு வருடம்.
ஒரு சொட்டு இல்லை.
பதிலுக்குக் கன்னத்தில் கொஞ்சம் பவுடர் அப்பினார்கள்.

பெயரும் இல்லை அவளுக்கு.
ஸ்கிரிப்டில் 'நோயாளிப் பெண்'.
சம்பளத் தாளில் மட்டும் ஜுசாரா,
அரை நாள் கூலி.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.
என் தையலைத் தொட்டாள்.
ஏழு தடவை தொட்டாள், ஒவ்வொரு தடவையும்
வெளிச்சம் சரியில்லை.
எட்டாவதில் அவர் திரும்பினார்,
என்னைத் தொட்டது யார் என்றார்,
இவள் விழுந்தாள்.
ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் ஒரே வரி:
நடந்ததையெல்லாம் சொல்கிறாள்.
அதன் பக்கத்தில் பென்சிலால்: இசை.

"என்ன சொல்லட்டும்?" ஜுசாரா கேட்டாள்.
"எதையாவது. ஒன்று இரண்டு மூன்று எண்ணு.
உன் குரல் வராது, வயலின் வரும்.
வாய் அசைந்தால் போதும்."

வாய் அசைந்தது.
வெகுநேரம் அசைந்தது.
கட் சொன்ன பிறகும் கொஞ்சம் அசைந்தது.
பத்தடி தள்ளி நான் நின்றேன்,
உதடுகளுக்கு நடுவே ஐந்து குண்டூசிகளோடு.

செவ்வாய் இரவு ஒளிபரப்பு.
என் டிவியில் கோடு விழும்.
அதனால் டோனா சுல்மிரா வீட்டில் உட்கார்ந்தோம்,
மடியில் சோறும் கறுப்பு பீன்ஸும்.
வயலின் வந்தது.
சுல்மிரா அழுதாள்.
எனக்கும் தொண்டை அடைத்தது;
வயலின் அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறது.

அவள் மகள் தாயினாவுக்குக் காது கேட்காது.
திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்காருகிறவள்
சட்டென்று தரையைத் தட்டினாள்.
கைகள் கிடுகிடுவென்று பேசின.
சுல்மிரா மூக்கைத் துடைத்துக்கொண்டு
அரைகுறையாய் எங்களுக்குச் சொன்னாள்:

முதல் டாக்டர், பிள்ளை பெற்றால் சரியாகும் என்றான்.
அடுத்தவன், பிள்ளை பெற்றதால்தான் என்றான்.
பஸ்ஸில் நான் உட்காருவதில்லை,
இடம் இருந்தாலும்.
கம்பியைப் பிடித்து நின்றே ஆஸ்பத்திரி வரை.
டோக்கன் நூற்று நாற்பது.
நூற்றுப் பன்னிரண்டோடு கதவைச் சாத்தினார்கள்.
சபையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
கழுவ வசதியாக.
என் புருஷன் மெத்தையை

கேமரா அவர் முகத்துக்குப் போய்விட்டது.
கருணை நிறைந்த முகம்.
வெகுநேரம் அங்கேயே இருந்தது.

தாயினா எழுந்து
டிவிக்குப் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தாள்,
அந்தப் பக்கம் ஜுசாரா இன்னும்
பேசிக்கொண்டிருப்பாள் என்பதுபோல்.
பிறகு என் பக்கம் திரும்பினாள்.
மெத்தையை?
இரண்டு கையையும் விரித்துக் கேட்டாள்.
மெத்தையை என்ன செய்தான்?
நீ அங்கேதானே இருந்தாய்.

அங்கேதான் இருந்தேன்.
ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.