இரண்டாவது கியர்

கொக்கிக்குள் பந்து உட்கார்ந்த சத்தம் கேட்டதா
என்றான் வெர்லின்.
கேட்டது என்றேன்.
ஆனாலும் இறங்கி, இடது கையால்
ஜாக்கைச் சுற்றினான். டிரெய்லரின் மூக்கோடு
பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து எழும்பியது.
சரி. பிடித்திருக்கிறது.

சங்கிலி இரண்டையும் பெருக்கல் குறியாய்
அடியில் மாட்டினேன்.
கொக்கி விட்டுப்போனால்
மூக்கு தரையில் குத்தாமல் ஏந்திக்கொள்ளும்.
பதினேழு வருஷம் நான் மாட்டினேன், அவன் ஓட்டினான்.
இன்று அவனுக்குத் தோளில் தையல்.
நீதிமன்றத் தாளில் டிரெய்லருக்கு ஒரே வரி:
விற்று, சரிபாதி.

வாங்குகிறவர் பிக்ஹார்ன் மலைக்கு அந்தப் பக்கம், லவலில்.
தாரன் டிப்பெட்ஸ். சர்க்கரை பீட் அறுவடையை விட்டு
வரமுடியாது என்றார்.
எங்களாலும் காத்திருக்க முடியாது.
பெரும்பனி விழுந்தால்
சாலைக்குக் கதவு போட்டுவிடுவார்கள்,
வசந்தம் வரை.

ஏற்றம் பிரச்சினை இல்லை.
ஏற்றத்தில் எல்லோரும் பொறுமைசாலிகள்.
எஞ்சின் சூட்டைப் பார்த்துக்கொண்டே
இடம் கிடைத்தபோதெல்லாம் ஒதுங்கி
பின்னால் சேர்ந்த வரிசையைப் போகவிட்டேன்.
ஒருத்தி கையாட்டினாள்.
ஒருவன் ஒற்றை விரலோடு நிறுத்திக்கொண்டான்.

மேலே, மரங்கள் முடிந்த புல்வெளியில்
பக்கக் காற்று.
முதலில் கண்ணாடியில் சின்ன ஆட்டம்.
பிறகு, பின்னால் வருவது
முன்னால் போவதைப் பிடித்து உலுக்கியது.
ஸ்டியரிங்கோடு சண்டை போடக் கூடாது.
பிரேக்கை மிதிக்கக் கூடாது.
இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது
அவனுக்குத் தெரியாது.
நல்ல கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.
ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து,
டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கிற
சின்ன நெம்பைக் கட்டைவிரலால் நகர்த்தினேன்.
யாரோ பின்னாலிருந்து
சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தமாதிரி
நேரானோம்.

ஓரங்கட்டிக் கதவைத் திறந்தால்
அவன் பங்குச் சாமான் அத்தனையும்
கடைசிச் சுவரோரம்.
பாவெலில் தம்பி வீட்டில் இறக்க வசதி, என்றான்.
கனமெல்லாம் அச்சுக்கு முன்னால் இருக்கணும், வெர்லின்.
தெரியும்.
தெரிஞ்சா?
பெட்டி பெட்டியாய் முன்னால் நகர்த்தினோம்.
மூன்றாவது பெட்டியில்,
தொலைந்துபோனது என்று
வக்கீல் முன்னால் அவன் சொன்ன
என் வார்ப்பிரும்பு வாணலி.
அவன் ஜன்னல் வழியே காற்றைப் பார்த்தான்.
நான் அதை முன்கட்டிலுக்கடியில்
கவிழ்த்து வைத்தேன்.
நாலு கிலோ. மூக்குக்கு நல்லது.

பத்து சதவீத இறக்கம் என்றது பலகை.
பலகைக்கு முன்பே, சமதரையிலேயே,
இரண்டாவது கியர்.
ஏறும்போது மனதை மாற்றிக்கொள்ளலாம்.
இறங்கும்போது மாற்ற நினைத்தால்
நேரமாகிவிட்டது என்று பொருள்.
எஞ்சின் ஊளையிட்டது. ஊளையிடட்டும்.
வேகம் கூடினால் அழுத்தி ஒரு மிதி,
உடனே விடு.
மிதித்தபடியே இருந்தால் கருகும்;
கருகியபின் எவ்வளவு மிதித்தாலும் பஞ்சு.
அந்த வாசனை எங்கள் இருவருக்கும் பழக்கம்.

வளைவுகளில் அகலமாய்ப் போய்த் திரும்பினேன்.
டிரெய்லர் எப்போதும் குறுக்குவழி தேடும்.
பிரேக் போன லாரிகளுக்கான சரளைக்கல் மேடு ஒன்று
சாலையை விட்டு மேலேறிப் போனது.
அதில் பழைய சக்கரத் தடம், இரண்டு கோடு,
பாதியில் நின்றிருந்தது.
இருவரும் பார்த்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மலை முடிந்து சேஜ் புதர்கள் தொடங்குகிற இடத்தில்
நிறுத்தினேன்.
அவன் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போனான்,
நான் வலப்பக்கம்.
புறங்கையை அருகே நீட்டிச் சூடு பார்ப்பது
பழைய வழக்கம்.
உன் பக்கம் எப்படி, என்று
டிரெய்லருக்கு அந்தப் புறமிருந்து கேட்டான்.
சூடுதான், என்றேன்.
தொடலாம்.