மீனில்லாத பதினான்கு நாள்

தவக்காலத்தில் இறைச்சியை விடுவோம்.
மீனை விடச் சொல்லி
எந்தப் பங்குச்சாமியும் பிரசங்கம் வைத்ததில்லை.
திருவனந்தபுரத்தில் எழுதிக் கொடுத்தார்கள்:
மீன் ஆகாது, கருவாடு ஆகாது,
பாக்கெட் உப்பு ஆகாது, பால் ஆகாது,
முட்டையில் மஞ்சள் ஆகாது.
தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு
"அப்போ இவ என்னத்தத் தின்னுவா?" என்று
கிளீட்டஸ் நர்ஸிடம் கேட்டான்.
நர்ஸுக்கு மலையாளம். சிரித்தாள்.

கட்டியை முதலில் கண்டது டாக்டர் இல்லை,
ஜாக்கெட்டுக்குக் கழுத்தளவு எடுத்த ஹெலன்.
டேப்பை நிறுத்தி, விரலை நிறுத்தி,
"முழுங்கு பாப்போம்" என்றாள்.
முழுங்கினேன்.
அவள் விரலுக்கடியில் ஏதோ ஏறி இறங்கியது.
அந்த ஜாக்கெட் இன்னும் அவள் கடையில்தான்.

அறுத்தெடுத்த பிறகும்
கழுத்துக்குள் மிச்சம் ஒட்டிக் கிடக்குமாம்.
அயோடின் காட்டாமல் அதைப் பட்டினி போட்டால்
பசி முற்றி, கடைசியில்
கதிர்மருந்தை வாரி விழுங்கிச் சாகுமாம்.
தூண்டில்காரன் பெண்டாட்டிக்கு
இதை யாரும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

சின்னவிளையில் அந்த வாரம் நெத்திலி கொட்டியது.
கூடைக்கு விலையே இல்லை.
பக்கத்து வீட்டு மேபல்
மாங்காய் போட்டு அவியல் வைத்தாள்,
என் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டு.
ஆபரேஷனுக்கு அழாதவள்
அந்த ஜன்னலுக்கு அழுதேன்.

ஈயச் சுவர் வைத்த அறை.
கனத்த குப்பிக்குள்ளிருந்து ஒரே ஒரு மாத்திரை.
விழுங்கியதும், கொண்டுவந்த பையன்
மூன்று எட்டு பின்னால் போனான்.
கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில்
என்னைக் கண்டு ஓர் ஆண்பிள்ளை பயந்தது
அன்றைக்குத்தான்.

அனுப்பும்போது சொன்னார்கள்:
தனிப் பாய், தனித் தட்டு,
கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர்,
பிள்ளையிடமிருந்து ஆறடி.

மூன்றாம் நாள் ஒரு மாணவி வந்தாள். பெனிலா.
கையில் டார்ச்லைட் போல ஒரு கருவி.
கரைப்பக்கத்து வீடுகளிலெல்லாம் அளக்கிறாளாம்.
முற்றத்து மணலில் குனிந்து பிடித்தாள்.
ஓட்டில் மழை பிடிப்பது போல
டிக், டிக்டிக், டிக்.
இந்த மணலைத்தான்
அரைத்துப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள்.
இந்த மணலைக் குழைத்துத்தான்
சுவர் பூசினோம், குழந்தையைக் கிடத்தினோம்,
வலையைக் காயப்போட்டோம்.

"அப்போ இதுனாலயா?"
அவள் உடனே பதில் சொல்லவில்லை.
தூரத்துத் தீவுகளில், எரிமலை கக்கின சாம்பலில்
கிணறு வெட்டிக் குடிக்கிற ஊர்களிலும்
இந்தக் கட்டி கூடுதலாம்.
தண்ணீரா, காற்றா, பாறையா,
தேடித் தேடிச் சோதித்ததில் மட்டும் தெரிந்ததா,
அங்கேயும் யாரும் அடித்துச் சொல்லவில்லையாம்.
"தெரியாதுக்கா" என்றாள்.
பொய் சொல்லியிருந்தால்
ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன்.
உண்மை சொன்னதால்
இரு, சாப்பிட்டுப் போ என்றேன்.
என் கைபட்ட சோறு ஆகாதென்று
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எழுந்தவள் கருவியை அணைக்க மறந்து
என் பக்கம் திரும்பினாள்.
அது ஒரே இழுப்பாக அலறியது.
முற்றத்து மணல் மொத்தமும் சேர்ந்து போடாத கூச்சல்,
ஒற்றைப் பொம்பிளையிடமிருந்து.
பெனிலா வெளிறிப்போனாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுக்க இழுக்க.

அலறல் கேட்டு ஷானி ஓடிவந்தாள்.
ஆறடியில் நின்றாள். பழகிவிட்டது.
குச்சியெடுத்து மணலில் கோடு கிழித்தாள்.
"அம்மா, நீ அந்தப் பக்கம்."
கோட்டுக்கு இந்தப் பக்கம்
சம்மணம் போட்டு உட்கார்ந்து
இரண்டு கையாலும் கருமணலை அள்ளி
பாவாடை மடியில்
கொட்டிக்கொண்டிருந்தாள்.

எழும்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
எழும்பி
எதில் போய் உட்காரச் சொல்ல?