லெஃப்ட் இன்

ஏழு பேரில் நான் நிற்கும் இடத்துக்கு
லெஃப்ட் இன் என்று பெயர்.
கார்னரில் நிற்பவன் கையைப் பிடித்திருக்க வேண்டும்.
விடக் கூடாது.
அவ்வளவுதான் வேலை.

பி.காம். சேர்ந்த மூன்றாம் நாள்
பாலக்கோடு தக்காளி மண்டித் தராசில்
கிரேட்டை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார் பி.டி. சார்.
"எண்பத்தொண்ணு நானூறு" என்று
பழக்கத்தில் கூவினான் எடைக்காரன்.
பழக்கத்தில் ஒருவர் விலை கேட்டார்.

ஓடத் தெரியுமா என்று சார் கேட்கவில்லை.
நாலு பேரை விட்டுத் தள்ளச் சொன்னார்.
நகரவில்லை.
"நீ ரெய்டு போக வேண்டாம்" என்றார்.
மூன்று வருஷமும் போகவில்லை.
நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மண் எப்படியிருக்கும் என்று
இடைவேளையில் பக்கம் மாறும்போதுதான் பார்ப்பேன்.
இதே மண்தான்.

நஞ்சுண்டன் அஞ்செட்டிக்காரன்.
வீட்டில் கன்னடம், கோபத்தில் தமிழ்.
அவன் முகத்தைவிட மணிக்கட்டுதான் எனக்குப் பழக்கம்.
ஒரு அழுத்து: நில்.
இரண்டு: கணுக்கால்.
அழுத்துவதற்கு முன்பே அவன் நாடி சொல்லிவிடும்.
அவன் பாய்வான், பூட்டுவான்.
தப்பிக்கும் வழியில் நான் சுவர் மாதிரி விழுவேன்,
சுவர் மாதிரி முட்டி வாங்குவேன்.

மறுநாள் பேப்பரில்
"நஞ்சுண்டன் அபாரப் பிடி".
படத்தில் என் முதுகு மட்டும், ஆறாம் நம்பர்.
பூங்கொடி அக்கா அதை வட்டமிட்டு
குடும்ப குரூப்பில் போட்டாள்.
"யார் இது?" என்று கேட்டார் மாமா.

மைதானத்துக்கு என் பெயர் தெரியாமலில்லை.
கை நழுவும்போது தெரியும்.
"ஏய் மாதேஷா!"
அப்போது மட்டும்
ஐந்நூறு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் வருஷம், சேலம் போட்டிக்கு முந்தின நாள்,
எண்பத்தாறு இருநூறு.
எண்பத்தைந்துக்கு மேல் ஆட விட மாட்டார்கள்.
மழைக்கோட்டுக்கு மேல் கம்பளி சுற்றிக்கொண்டு
தொப்பூர் மேட்டில் ஓடினேன்.
லாரிகள் ஹாரன் அடித்துக் கும்பிட்டன.
கடைசி நூறு கிராமுக்கு
புளியங்கொட்டையை வாயில் அடக்கி
எச்சிலாகத் துப்பினேன்
விடிய விடிய.

அரையிறுதி. முப்பத்தெட்டாவது நிமிடம்.
என் முழங்கால் மேல் விழுந்தவன் எதிராளி இல்லை,
நஞ்சுண்டன்.
உள்ளே ஏதோ முருங்கைக்காய் முறிந்த மாதிரி சத்தம்.
கையை விடவில்லை நான்.
ஒரு பாயிண்ட்டில் ஜெயித்தோம்.
இறுதிப் போட்டியை
சர்பத் கடை ஐஸ் கட்டிய பாலிதீன் பையை
முட்டியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.
தோற்றோம்.
என்னால் என்று சொல்ல ஆசை.
அப்படி யாரும் சொல்லவில்லை.

நஞ்சுண்டனை ரயில்வே எடுத்துக்கொண்டது.
நானும் போயிருந்தேன், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு.
"எத்தனை பாயிண்ட் எடுத்திருக்கே?"
என் சான்றிதழில் அந்தக் கட்டத்தில்
பேனாவால் ஒரு கோடு,
சின்னதாக, சாய்வாக.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் அதிகாரி,
எண்ணாக மாறிவிடும் போல.

இப்போது ஓசூர் சிப்காட்டில் பேக்கிங்.
தொண்ணூற்று நாலு கிலோ.
கேட்பாரில்லை.
மழைக்கு முந்தின நாள்
முட்டிதான் முதலில் ஈரமாகும்.

போன வாரம் நஞ்சுண்டன் போன் பண்ணினான்.
ஏதோ மேட்ச் முடிந்து, பின்னால் விசில் சத்தம்.
"இங்க லெஃப்ட் இன் நல்லா ஆடுறான்டா" என்றான்.
நல்லது என்றேன்.
"கைதான் ஜில்லுனு இருக்கு."
அப்புறம் சிக்னல் இல்லை என்றான்.
இருந்தது.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
நின்றுகொண்டே ஊருக்கு வருகிறேன்.
சூளகிரி தாண்டி எதற்கோ
பஸ் சடாரென்று நிற்கிறது.
என் இடது கை
பக்கத்தில் நின்றவர் மணிக்கட்டைப் பூட்டிவிட்டது.
யாரோ பெரியவர், பூக்கூடைக்காரர்.
விழவில்லை.
முறைத்தார்.
விட்டேன்,
ஒரு நொடி தாமதமாக.